மண்டையில் வைக்கும் ஒயருக்கு மனசு தெரியாது

திருச்சித் தொழிலதிபர் ராமஜெயம் கொலை செய்யப்பட்டது 2012 மார்ச்சில். பத்தாண்டுக்கு மேல் துப்புக் கிடைக்காமல் கிடந்த வழக்கில், 2023 தொடக்கத்தில் சந்தேகத்துக்குரிய சிலருக்குச் சென்னையில் உண்மை கண்டறியும் சோதனை நடத்தினார்கள். அந்த நாள்களில் எங்கள் கொடும்பாளூர்ப் பக்கம் என்னைப் பார்த்தவர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஏக்கா, நீங்க மண்டையில ஒயர் வச்சுப் பார்ப்பீங்களே, அதுல பொய் சொன்னாத் தெரிஞ்சுருமா?"

அவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. நான் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் இ.இ.ஜி. டெக்னீசியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ராமஜெயம் வழக்கில் நடந்தது பாலிகிராஃப்; மூச்சு, ரத்த அழுத்தம், தோலில் வியர்க்கும் அளவு இவற்றைப் பார்ப்பது. நான் எடுத்தது மூளையின் மின்னலை. இரண்டும் வேறு. ஆனாலும் மூளை மின்னலையைக் கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்லும் சோதனையும் இந்த நாட்டில் இருக்கிறது. 'பிரெயின் மேப்பிங்' என்ற பெயரில் செய்தித்தாள்களில் வருகிறதே, அதுதான். அதனால் ஊர்க்காரர்களுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்: அந்த ஒயருக்கு வலிப்பு தெரியும், தூக்கம் தெரியும், மயக்கம் தெரியும். மனசில் இருப்பது தெரியாது. அதைக் காவல் நிலையத்துக்கு இழுப்பதை நிறுத்திவிட்டு, அது தேவைப்படுகிற வீடுகளுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

முதலில் அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நோயாளி முதல் நாளே எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தலைக்குக் குளித்துவிட்டு வர வேண்டும். பல பேரை இரவில் பாதி நேரம் மட்டும் தூங்கிவிட்டு வரச் சொல்வோம். களைத்த மூளை சோதனையின்போது தூங்கும், தூங்கும்போது சில கோளாறுகள் தலைகாட்டும். படுக்க வைத்து, மூக்கின் மேல்முனையிலிருந்து பின்மண்டை மேடுவரை நாடாவால் அளந்து, நூற்றுக்குப் பத்து, நூற்றுக்கு இருபது என்று பங்கு பிரித்துப் பென்சிலால் புள்ளி வைப்போம். இந்த அளவு முறையை 1958இல் வகுத்துத் தந்தவர் ஹெர்பர்ட் ஜாஸ்பர். அதனால்தான் திருச்சியில் எடுத்த பதிவை வேலூரிலோ லண்டனிலோ இருக்கும் மருத்துவர் படிக்க முடிகிறது. காதுகளோடு சேர்த்து 21 இடம். ஒவ்வோர் இடத்திலும் தோலைத் தேய்த்து, பசை வைத்து, சிறு உலோக வில்லையை ஒட்டுவோம். பிறகு, "கண்ணை மூடுங்க. தாடையைக் கடிக்காதீங்க. சும்மா இருங்க." இந்தச் சும்மா இருப்பதுதான் எல்லாருக்கும் கஷ்டம்.

கண்ணை மூடிய சில நொடிகளில் பின்மண்டை ஒயர்களில் ஓர் அழகான அலை எழும். நொடிக்கு 8 முதல் 13 துடிப்பு. ஆல்ஃபா அலை என்பார்கள். கண்ணைத் திறக்கச் சொன்னால் அடங்கிவிடும். பழைய இயந்திரத்தில் இதைப் பேனாக்கள் தாளில் கீறிக்கொண்டு போகும். நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் தாள் ஓடும். இருபது நிமிடப் பதிவு என்றால் 36 மீட்டர் தாள். மையும் தாளும் மணக்கும் அந்த அறையில் நின்று, கண் திறந்தால் படுத்தும் மூடினால் எழுந்தும் ஓடும் அந்தக் கோட்டைப் பார்க்க எனக்குக் கடைசிவரை அலுக்கவில்லை.

அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் சேதி சொல்லும் இடத்துக்குச் சினாப்ஸ் என்று பெயர். சேதி அணுவின் வால் வழியாக ஓடும்போது எழும் மின்வெட்டு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நிற்கும். அவ்வளவு விரைவில் அணைவதால் அது பக்கத்து அணுக்களின் வெட்டோடு சேர்ந்து பெருகுவதில்லை. மண்டைக்கு வெளியே வந்து சேராது. சேதியை வாங்கிக்கொண்ட அணுவில், சினாப்ஸுக்கு இந்தப் பக்கம், ஒரு மெதுவான மின் ஏற்றத்தாழ்வு உண்டாகும். அது நொடியில் நூற்றில் சில பங்கு நேரம் நீடிக்கும். மூளையின் மேற்பட்டையில் கூம்பு வடிவ அணுக்கள் ஒரே திசையில் வரிசையாக நிற்பதால், பல லட்சம் அணுக்களில் ஒரே நேரத்தில் எழும் இந்த மெதுவான ஏற்றத்தாழ்வுகள் ஒன்றாகக் கூடி, மூளையின் மேற்பரப்புக்கு வந்து, மண்டையோட்டையும் தோலையும் தாண்டி, என் வில்லையில் படும். படும்போது அதன் அளவு சில பத்து மைக்ரோவோல்ட். டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரியின் 1.5 வோல்ட்டை 30,000 பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு. பேச்சுக்கு நாக்கு அசைந்தாலும், நெற்றி சுருங்கினாலும், தசையின் மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும்.

ஆக, நாங்கள் எடுப்பது கூட்டு மொத்தம். எந்த அணு எந்த அணுவுக்கு என்ன சொன்னது என்பது அதில் கிடையாது. ஏறத்தாழ ஆறு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள மூளைப்பட்டையாவது ஒன்றாக இயங்கினால்தான் மண்டைக்கு வெளியே எதுவும் தென்படும் என்று 1960களிலேயே கணித்தார்கள். இன்னும் கூடுதலாக வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஆழத்தில் நடப்பது பெரும்பாலும் வெளியே தெரியாது. அதனால்தான் உண்மையான வலிப்பு நோயாளிகளிலேயே முதல் இ.இ.ஜி.யில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எந்தக் கோளாறும் பதிவாவதில்லை. இன்னொரு பக்கம், வலிப்பே வராத ஆரோக்கியமானவர்களில் இருநூறு பேருக்கு ஒருவரிடம் வலிப்புக்கு உரிய அலை இருக்கும். பிரிட்டன் விமானப்படை வேலைக்கு வந்த 13,658 பேரைப் பரிசோதித்ததில் இது தெரியவந்தது.

எங்கள் ஊர் மூவர் கோயில் கல்வெட்டை வைத்துத்தான் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் அரசன், தன் பெயரிலும் தன் மனைவியர் கற்றளி, வரகுணை இருவர் பெயரிலும் எடுத்த மூன்று கோயில்களில் இரண்டுதான் இன்று நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். அந்தக் கல்லிலுள்ள சமஸ்கிருத எழுத்தின் தொடக்கப் பகுதி அழிந்துபோயிற்று. மீதி எழுத்து தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் அவன் எந்தச் சோழன் காலத்தவன் என்பதில், அதே எழுத்தைப் படித்த நீலகண்ட சாஸ்திரி போன்ற பெரிய அறிஞர்களுக்குள்ளேயே ஒரு நூற்றாண்டு வித்தியாசம் வந்தது. கல் பொய் சொல்லவில்லை. கல்லில் இல்லாததைக் கல்லிடம் கேட்டால் இப்படித்தான் ஆகும். அரசன் காலத்தைப் பற்றி அறிஞர்கள் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வாதாடலாம். மூளை அலையில் இல்லாததைக் கேட்டால் ஒரு மனுஷி சிறைக்குப் போவாள்.

இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தவரே மனசைத் தேடித்தான் புறப்பட்டார். ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் மருத்துவர் இளவயதில் பட்டாளத்தில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து சாவின் விளிம்புக்குப் போய்த் தப்பினார். அன்றைக்கே, தூரத்து ஊரில் இருந்த அவருடைய அக்காவுக்கு மனசு சரியில்லாமல் போய், தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு வீட்டிலிருந்து தந்தி வந்தது. ஒரு மனசிலிருந்து இன்னொரு மனசுக்கு எது போயிற்று என்பதைக் கண்டுபிடிக்கவே பெர்கர் மருத்துவத்துக்கு வந்தார். விலங்குகளின் மூளையில் மின்சாரம் இருப்பதை லிவர்பூலில் ரிச்சர்ட் கேட்டன் 1875இலேயே காட்டியிருந்தார். மனித மூளையின் மின்னலையைப் பெர்கர் 1924இல் முதன்முதலாகப் பதிவுசெய்தார், 1929இல்தான் வெளியிட்டார். ஐந்து ஆண்டு சரிபார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தேடிய மனத் தந்தி கிடைக்கவே இல்லை. கிடைத்தது என்னவென்றால், 1935இல் பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர் காட்டிய அந்தக் கோடு: பள்ளிக்கூடத்தில் பேச்சை நிறுத்திச் சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கும் பிள்ளையின் மூளையில், நொடிக்கு மூன்று முறை குத்தீட்டியும் அலையுமாக மாறி மாறி எழும் கோடு. அந்தப் பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று முட்டியில் அடித்த வாத்தியார்கள் எத்தனையோ பேர். அது வலிப்பின் ஒரு வகை என்று இருபது நிமிடத்தில் இந்த இயந்திரம் சொல்லிவிடும். இதைவிடப் பெரிய புதுமை எனக்குத் தேவைப்பட்டதில்லை.

நரம்பு மருத்துவமும் இந்த மின்னலைப் பதிவும் நம் பக்கத்துக்கும் சீக்கிரமே வந்துவிட்டன. மாண்ட்ரியலில் நரம்பு அறுவை மருத்துவர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். சீர்காழியில் பிறந்து திருச்சியில் பள்ளிப்படிப்பு முடித்த பி. ராமமூர்த்தி 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். இவர்கள் இருவரும், பல்தேவ் சிங்கும், எஸ்.டி. நரசிம்மனுமாக நான்கு பேர் சேர்ந்து 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். அதே பல்தேவ் சிங், ஆனந்த், சின்னா ஆகியோருடன் சேர்ந்து 1961இல் யோகிகளின் மூளை அலை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தியானத்தில் இருந்தபோது வெளிச்சமும் சத்தமும் காட்டியும் அவர்களின் ஆல்ஃபா அலை கலையவில்லை. கையைப் பனி போன்ற தண்ணீரில் முக்கால் மணிநேரம் வைத்திருந்தவர்களுக்கும் அலை கலையாமல் நீடித்தது. கண்டதை அப்படியே எழுதினார்கள். யோகி என்ன நினைத்தார், கடவுளைக் கண்டாரா என்று அந்தக் கோட்டிலிருந்து படித்துச் சொல்ல அவர்கள் முனையவில்லை. அந்தக் கட்டுப்பாட்டைத்தான் நான் மதிக்கிறேன்.

பிரெயின் மேப்பிங்கில் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. பழக்கப்பட்ட ஒன்றையோ எதிர்பாராத ஒன்றையோ காட்டினால், ஏறத்தாழ 300 மில்லி நொடியில் மூளை அலையில் ஒரு மேடு எழும். 1965இல் சட்டன் குழுவினர் காட்டிய இது உண்மையான கண்டுபிடிப்பு, மருத்துவத்திலும் பயன்படுகிறது. அதிலிருந்து, குற்றம் நடந்த இடத்தின் படத்தைக் காட்டி மேடு எழுகிறதா என்று பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். இந்தியாவில் இன்னொரு படி மேலே போய், கண்ணை மூடி வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர் காதில் 'நான் வாங்கினேன்', 'நான் கொடுத்தேன்' என்ற வகையில் வாக்கியங்களை ஒலிக்கவிட்டு, அவர் அதைச் செய்த அனுபவம் மூளையில் இருக்கிறதா என்று மென்பொருள் முடிவு சொல்லும் முறை வந்தது. 2008 ஜூனில் புனே அமர்வு நீதிமன்றம் ஓர் இளம்பெண்ணுக்குக் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை விதித்தபோது, இந்தச் சோதனையின் முடிவையும் ஒரு சான்றாகத் தீர்ப்பில் சேர்த்துக்கொண்டது. பின்னர் மும்பை உயர் நீதிமன்றம் அவருக்குப் பிணை கொடுத்தது. இந்தச் சோதனையைச் சான்றாகக் கொள்ளத்தக்க அறிவியல் அடிப்படை இல்லை என்று பெங்களூர் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான வல்லுநர் குழு சொன்னதும் அதே 2008இல்தான்.

ஒயர் வைத்துப் பழகிய என் கைக்கு இதில் நம்பிக்கையே வரவில்லை. போலீஸ் விசாரணையில் பல நாள் உட்கார்ந்து, அதே கேள்வியைப் பல முறை கேட்டவளுக்கு அந்த வாக்கியம் பழக்கப்பட்ட வாக்கியம்தானே? செய்தித்தாளில் படித்தவளுக்கும் பழக்கம்தானே? பயந்து தாடையைக் கடித்தவளின் தசை மின்சாரம், தூக்கமில்லாத இரவின் மந்த அலை, இவற்றை எல்லாம் பிரித்தெடுத்து, சினாப்ஸ்களின் அந்த மொத்தக் கூட்டலிலிருந்து 'இவள் செய்தாள்' என்ற ஒற்றைச் சொல்லை எடுக்க முடியும் என்று சொல்பவர், என் வேலையில் நான் ஒருநாளும் காணாத ஒன்றைக் கண்டிருக்க வேண்டும்.

2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் நல்ல தீர்ப்பைக் கொடுத்தது. மயக்க மருந்து கொடுத்து விசாரிக்கும் நார்கோ, பாலிகிராஃப், பிரெயின் மேப்பிங் மூன்றையும் யாருக்கும் கட்டாயப்படுத்திச் செய்யக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் வற்புறுத்தக் கூடாது என்ற அரசமைப்புச் சட்டத்தின் 20(3) பிரிவுக்கு அது விரோதம் என்றது. ஆனால் சம்மதம் கொடுத்தால் செய்யலாம் என்ற வாசல் திறந்தே இருக்கிறது. சம்மதம் என்று யாரிடம் வாங்குகிறோம்? மறுத்தால், "ஒண்ணும் செய்யலேன்னா ஏன் பயப்படுறே?" என்று ஊரே கேட்கும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவன் மாஜிஸ்திரேட் முன்னால் தலையாட்டுவதைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. மூளை அலையைக் குற்ற விசாரணையிலிருந்து முழுதாக எடுத்துவிட வேண்டும். சம்மதம் இருந்தாலும் வேண்டாம். செய்தித்தாள்களும் 'மூளையைப் படித்தார்கள்' என்று தலைப்புப் போடுவதைக் கைவிட வேண்டும். அந்தத் தலைப்புகளின் நிழலில்தான், ஆல்ஃபா அலையைத் தூண்டிப் பிள்ளையைக் கண்ணைக் கட்டிப் படிக்க வைக்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் 'மிட் பிரெயின்' வகுப்புகளும் நடந்தன.

இனி, இந்த இயந்திரம் வேண்டியிருக்கிற இடத்துக்கு வருகிறேன்.

கொடும்பாளூரிலிருந்து திருச்சி ஏறத்தாழ 40 கி.மீ. ராத்திரி பாதி விழித்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, முதல் பஸ் பிடித்து வருகிற தாய்மாரைத்தான் நான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வருவதற்கு முன்பே ஊரில் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். மந்திரித்துக் கயிறு கட்டியிருப்பார்கள். வலிப்பு வரும்போதெல்லாம் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருப்பார்கள்; பிள்ளையின் உள்ளங்கையில் கீறல் இருக்கும். பல்லுக்கு இடையில் கரண்டி வைத்துப் பல் உடைந்திருக்கும். ஒரு அம்மா, இருபது வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தவர், ஒயரை எடுத்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், தாள்ல வலிப்புன்னு மட்டும் எழுதிறாதீங்க. தை மாசம் கல்யாணம் பேசியிருக்கு." எழுதுவது நான் இல்லை, மருத்துவர் என்றேன். "அப்ப நல்லா வர்ற மாதிரி எடுங்க" என்றார். நல்லா வருகிற மாதிரி எடுக்க அது போட்டோ இல்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன்.

அந்த அம்மாவின் பயத்துக்குச் சட்டமே ஒரு காலத்தில் துணைநின்றது. இந்து திருமணச் சட்டத்தில் 1976 முதல், திரும்பத் திரும்ப வரும் வலிப்பு திருமணத்துக்குத் தடை என்று இருந்தது. 1999இல்தான் திருத்தம் செய்து அந்தச் சொல்லை நீக்கினார்கள். சட்டத்திலிருந்து போய்விட்டது, எங்கள் ஊர்ப் பெண் பார்க்கும் படலத்திலிருந்து போகவில்லை. மாமியாருக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிட முடியாமல், கல்யாணத்தன்றே மாத்திரையை நிறுத்திய பெண்கள் உண்டு. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடங்காமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

உலகத்தில் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் நூற்றுக்கு எழுபது பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்துகளில் பல மிக மலிவானவை. வேலூர் மாவட்டத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வீடு வீடாக ஆராய்ந்ததில், வலிப்பு உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்குக் காரணம் மூளையில் தங்கிய நாடாப்புழுவின் இளநிலைப் பருவம் என்று தெரிந்தது. பன்றிக்கறி தொடாதவர்களுக்கும் வரும்; புழு முட்டை கலந்த தண்ணீரும் கழுவாத பச்சைக் காய்கறியும் போதும். கழிப்பறையும் கைகழுவலும் வலிப்பு மருத்துவம்தான் என்று இதனால்தான் சொல்கிறேன். காத்து கருப்பு அடித்ததாக நாம் கயிறு கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது இருக்கிறதோ.

அரசிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. இ.இ.ஜி. இயந்திரம் இப்போது ஒரு மடிக்கணினியும் கைப்பெட்டியும்தான். வட்டார மருத்துவமனைக்கு மாதத்தில் சில நாள் பயிற்சி பெற்ற டெக்னீசியன் ஒருவர் அதைக் கொண்டு வந்து பதிவெடுத்தால், மருத்துவக் கல்லூரியில் இருக்கும் நரம்பியல் மருத்துவர் அங்கிருந்தே படித்துச் சொல்லலாம். பஸ் ஏற வேண்டியது பதிவுதான், பிள்ளை இல்லை. இயந்திரம் வாங்குவதைவிட ஆளுக்குப் பயிற்சி கொடுப்பது முக்கியம். சரியாக ஒட்டாத ஒரு வில்லை இல்லாத நோயைக் காட்டிவிடும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. வலிப்பு மாத்திரையும் அதே பையில் மாதம் தவறாமல் வர வேண்டும். மாத்திரை கொண்டு வருகிற பெண் மாமியாரிடமும் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. இ.இ.ஜி. நன்றாக வந்துவிட்டது என்பதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். பாதிப் பேருக்கு அது நன்றாகத்தான் வரும். மருத்துவர் நோயை முடிவுசெய்வது பெரும்பாலும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்வதை வைத்துத்தான். ஆகவே அடுத்த முறை வலிப்பு வந்தால் சாவியைத் தேடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள். கூட இன்னொருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். நாங்கள் ஒயர் வைக்கிற நேரத்தில் வலிப்பு வருவது அபூர்வம்.